அம்பாசிடர் ‘மக்கர்’ பண்ணுதா? எலெக்ட்ரானிக் இக்னிஷன் வாங்குவதற்கு முன் இதையெல்லாம் செக் பண்ணுங்க!

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகிற ரோடு. மங்கலம்பேட்டை பக்கத்தில் ஒரு பழைய பெட்ரோல் அம்பாசிடர் ஓரமாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பானெட் திறந்திருக்கிறது. டேங்கில் பெட்ரோல் இருக்கு, பேட்டரியும் நல்லா இருக்கு, செல்ஃப் அடிச்சா இன்ஜின் சுத்துது. ஆனா ஸ்டார்ட் ஆகல.

வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருத்தர், “கரண்ட் வரல” என்பார். இன்னொருத்தர், “பிளாட்டினம் போயிருக்கும்” என்பார். மூன்றாவது ஆள் கட்டாயம் இதைச் சொல்வார்: “பேசாம எலெக்ட்ரானிக் போட்டுடுங்கண்ணே, தொல்லையே இருக்காது!”

மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால், சில ஆயிரம் ரூபாய் கொடுத்து எலெக்ட்ரானிக் கிட் மாட்டிய பிறகும் அதே மிஸ்ஸிங், அதே இழுவைக் குறைவு என்று புலம்புகிறவர்கள் உண்டு. ஏன் அப்படி? பழைய காரின் இக்னிஷன் எப்படி வேலை செய்கிறது, எதை மாற்றலாம், எதை மாற்றவே தேவையில்லை, டைமிங் எப்படி வைப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

எந்தெந்த வண்டிகளுக்கு இது பொருந்தும்?

1489 சிசி பெட்ரோல் இன்ஜின் கொண்ட அம்பாசிடரை மையமாக வைத்துத்தான் இந்தத் தொகுப்பு. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த இந்த வண்டியின் உற்பத்தி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதம் நின்றது.

மும்பையில் தயாரான 1089 சிசி பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிகளிலும் அடிப்படை இதேதான். அளவுகள் மட்டும் மாறும்.

டீசல் அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அழுத்தத்தில் சூடாகும் காற்றிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும்.

12 வோல்ட் எப்படி 20 ஆயிரம் வோல்ட் ஆகிறது?

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக் முனையில் பொறி பறக்க 15 ஆயிரம் முதல் 25 ஆயிரம் வோல்ட் வரை வேண்டியிருக்கும். இந்த வேலையைச் செய்வது இக்னிஷன் காயில்.

காயிலுக்குள் இரண்டு சுற்றுகள் இருக்கின்றன. முதல் சுற்றில் பேட்டரி கரண்ட் ஓடும்போது காந்தப்புலம் உருவாகும். அந்தக் கரண்ட்டைச் சட்டென்று துண்டித்தால் காந்தப்புலம் சரிந்து, ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இரண்டாவது கம்பியில் உயர் அழுத்த மின்சாரம் பிறக்கும். கரண்ட்டைக் கொடுக்கும்போது அல்ல, துண்டிக்கும்போதுதான் பொறி வருகிறது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

துண்டிக்கும் அந்த சுவிட்ச்தான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கான்டாக்ட் பாயிண்ட். நம்ம ஊர் மெக்கானிக்குகள் ‘பிளாட்டினம்’ என்று சொல்வது இதைத்தான். பக்கத்தில் இருக்கும் சின்ன உருளை கண்டென்சர். பாயிண்ட் திறக்கும்போது அங்கே தீப்பொறி அடித்துக் கருகிப் போகாமல் காப்பாற்றுவதும், துண்டிப்பைத் துல்லியமாக்குவதும் அதன் வேலை.

காயிலில் பிறந்த மின்சாரம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்கு வந்து, சுழலும் ரோட்டர் வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி போகும். அம்பாசிடரில் அந்த வரிசை 1-3-4-2.

இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 6,000 பொறி வேண்டும். அதாவது நொடிக்கு 100 முறை அந்தப் பாயிண்ட் திறந்து மூடுகிறது. தேயாமல் என்ன செய்யும்?

பேட்டரி, காயில், பாயிண்ட் கொண்ட இந்த முறையை அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கினார். 1910 மாடல் கேடிலாக் கார்களில் வந்தது. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல் உலகத்தின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் இதை நம்பித்தான் ஓடின.

பாடி பஸ் ஸ்டாப்புக்கும் அம்பாசிடருக்கும் என்ன சம்பந்தம்?

சென்னையில் பாடி பக்கம் போனவர்களுக்கு ‘லூகாஸ் டிவிஎஸ்’ பஸ் ஸ்டாப் தெரிந்திருக்கும். 1961-ல் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் டிவிஎஸ் குழுமமும் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் அது. செல்ஃப் மோட்டார், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், காயில் என வண்டிக்கான எலெக்ட்ரிக்கல் பாகங்கள் அங்கே தயாராகின. அம்பாசிடரில் நாம் பார்க்கும் டிஸ்ட்ரிபியூட்டர்களும் லூகாஸ் வடிவமைப்பைச் சேர்ந்தவைதான். ஆக, காரின் உடம்பு வங்காளம் என்றால், அதன் ‘கரண்ட்’ விஷயத்தில் சென்னைக்கும் பங்கு உண்டு.

பிளக்கில் பீங்கான் எதற்கு?

விருத்தாசலம் பகுதிக்காரர்களுக்குப் பீங்கான் புதிது இல்லை. அங்கே பீங்கான் தொழிற்பேட்டையும் இருக்கு, பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தரும் அரசு நிறுவனமும் இருக்கு. வீட்டு மெயின் போர்டில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கேரியரைப் பிடித்து இழுக்கும்போது ஷாக் அடிக்காமல் காப்பது பீங்கான்தான்.

ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பகுதி செய்வதும் அதே காவல் வேலைதான், ஆனால் பல மடங்கு கடுமையான இடத்தில். ஒரு பக்கம் 20 ஆயிரம் வோல்ட். இன்னொரு பக்கம், ஒரு நொடியில் பல முறை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நெருப்பும், உடனே உள்ளே வரும் குளிர்ந்த பெட்ரோல் காற்றும். சாதாரண களிமண் பீங்கான் இந்தச் சூட்டில் விரிசல் விடும், மின்காப்புத் திறனையும் இழக்கும். அதனால் பிளக்குகளில் அலுமினா என்ற அலுமினியம் ஆக்சைடு பீங்கானைப் பயன்படுத்துகிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டு விஷயம்:

- கை தவறித் தரையில் விழுந்த பிளக்கை மாட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் போதும். மின்சாரம் முனைக்குப் போகாமல் விரிசல் வழியே பாடிக்கு ஓடிவிடும். ஐடிலில் ஒழுங்காக ஓடும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மிஸ் ஆகும்.
- வெள்ளைப் பீங்கானைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். உலோகத் துகள் கோடு போல ஒட்டிக்கொண்டு, அதுவே மின்சாரம் ஓடும் பாதையாகிவிடும்.

இப்போது எதற்கு இவ்வளவு அக்கறை?

பழைய கார் வைத்திருப்பது இன்று செலவு பிடிக்கும் விஷயம். 15 ஆண்டுகளைத் தாண்டிய சொந்தக் காரின் ஆர்.சி.யை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்ட்டில் வந்த அறிவிப்பின்படி, 20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு 10,000 ரூபாய்.

இது போக, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். பாரத் ஸ்டேஜ்-2 விதிக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தையும், ஹைட்ரோ கார்பன் 1,500 பிபிஎம் அளவையும் தாண்டக் கூடாது.

இங்கேதான் இக்னிஷன் முக்கியமாகிறது. ஹைட்ரோ கார்பன் என்றால் எரியாமல் வெளியே வரும் பெட்ரோல். ஒரே ஒரு சிலிண்டர் மிஸ் ஆனாலும் அந்தச் சிலிண்டரில் போன பெட்ரோல் அப்படியே சைலன்சர் வழியாக வெளியேறும். ரீடிங் எகிறும். உடனே கார்புரேட்டரைத் திருகுவார்கள். ஆனால் குற்றவாளி 4-வது சிலிண்டரின் பிளக் வயராக இருக்கும்!

அதாவது, சரியான இக்னிஷன் என்பது வண்டி ஸ்மூத்தா ஓடுவதற்கு மட்டுமல்ல. மைலேஜ், புகைச் சான்றிதழ், ஆர்.சி. என எல்லாமே இதில்தான் கோத்திருக்கிறது.

முதல் கட்டம்: இருப்பதைச் சரி பார்ப்பது

எலெக்ட்ரானிக் கிட் என்பது பாயிண்ட், கண்டென்சர் ஆகிய இரண்டுக்கு மட்டுமே மாற்று. மற்ற எல்லாப் பாகங்களும் பழையதேதான். அவற்றில் கோளாறு இருந்தால் கிட் மாட்டினாலும் கோளாறு அப்படியே இருக்கும். எனவே பணம் செலவழிக்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள்.

1. பிளக். நான்கையும் கழற்றி, எது எந்த சிலிண்டர் என்று வரிசையாக வையுங்கள். முனை இளம் பழுப்பு நிறத்தில் இருந்தால் நல்லது. கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது பொறி பலவீனம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங் அல்லது வால்வ் கைடு தேய்மானம். வெளுத்துப் போய்க் கொப்புளம் தெரிந்தால் அதிகச் சூடு. இன்ஜினுக்கு டைமிங், மிக்சர் இரண்டையும் பார்க்க வேண்டும். பழைய அம்பாசிடரில் வழக்கமான பிளக் கேப் 0.025 அங்குலம், அதாவது சுமார் 0.6 மில்லிமீட்டர்.

2. பிளக் வயர்கள். இரவில் அல்லது இருட்டான ஷெட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். வயரைச் சுற்றி நீல நிறத்தில் மினுக்மினுக் என்று தெரிந்தால் கரண்ட் கசிகிறது. கை வைக்காதீர்கள், பார்த்தாலே போதும்.

3. மூடியும் ரோட்டரும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்பக்கம் பென்சிலால் கோடு போட்ட மாதிரி மெல்லிய கறுப்புத் தடம் தெரிந்தால் மூடியை மாற்ற வேண்டும். நடுவில் இருக்கும் கார்பன் முனை ஸ்பிரிங்கில் துள்ள வேண்டும். மலிவான ரோட்டர்களில் ரிவிட் வழியாக ஷாஃப்ட்டுக்குக் கரண்ட் இறங்கிவிடும் பிரச்சினை உண்டு. தரமான ரோட்டர் வாங்குங்கள்.

4. ஷாஃப்ட் ஆட்டம். ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் தெரிகிற அளவுக்கு ஆடினால் உள்ளே புஷ் தேய்ந்துவிட்டது. எவ்வளவு கவனமாகப் பாயிண்ட் வைத்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி மாறும். லேத் பட்டறையில் புது புஷ் போட்டால்தான் தீரும். ‘எலெக்ட்ரானிக் போட்டும் சரியாகல’ என்ற புலம்பல்களுக்குப் பின்னால் இந்தத் தேய்மானம் ஒளிந்திருக்கும்.

5. அட்வான்ஸ் வெயிட். ரோட்டரை அது சுழலும் திசையில் லேசாகத் திருகி விடுங்கள். ஸ்பிரிங் மாதிரி தானாகத் திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் எடைகள் துருப்பிடித்து இறுகிவிட்டன. வேகம் கூடக் கூடப் பொறி முன்கூட்டியே வர வேண்டும். எடைகள் அசையாவிட்டால் அது நடக்காது. வண்டி 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் மூச்சு வாங்கும்.

6. வேக்கும் யூனிட். அதன் குழாயில் சுத்தமான ஒரு டியூபைச் செருகி வாயால் இழுத்துப் பிடியுங்கள். உள்ளே பேஸ் பிளேட் நகர வேண்டும், அப்படியே நிற்க வேண்டும். காற்று வந்துகொண்டே இருந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. பெட்ரோல் செலவு கூட இதுவும் ஒரு காரணம்.

7. எர்த்தும் வோல்டேஜும். இன்ஜினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டை, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் மெல்லிய எர்த் வயர் இரண்டையும் பாருங்கள். இக்னிஷனை ஆன் செய்து, பாயிண்ட் மூடிய நிலையில் காயிலுக்கு வரும் வோல்டேஜை மீட்டர் வைத்துப் பாருங்கள். பல்லாஸ்ட் இல்லாத வண்டியில் அது பேட்டரி வோல்டேஜுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் இக்னிஷன் சுவிட்ச்சோ வயர் இணைப்போ கோளாறு.

இந்த ஏழிலும் தேறிய வண்டிக்குத்தான் அடுத்த கட்டம்.

பாயிண்ட் வைப்பது எப்படி?

லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பாயிண்ட்டின் குதிகால் கேமின் உச்சியில் நிற்கும்போது ஃபீலர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். புதுப் பாயிண்ட்டில் இருக்கும் பாதுகாப்பு எண்ணெயைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். கேமில் துளி கிரீஸ் போதும். அதிகமானால் தெறித்துப் பாயிண்ட்டிலேயே ஒட்டிக் கருகும்.

ட்வெல் மீட்டர் இருந்தால் இன்னும் துல்லியம். பாயிண்ட் மூடியிருக்கும் நேரத்தைத்தான் ட்வெல் என்கிறோம். இந்த வகை டிஸ்ட்ரிபியூட்டருக்கு அது சுமார் 60 டிகிரி.

ஒன்றை மறக்காதீர்கள்: பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். எனவே முதலில் பாயிண்ட், பிறகு டைமிங். மாற்றிச் செய்தால் இரண்டு முறை வேலை.

எலெக்ட்ரானிக் கிட்: என்ன லாபம், என்ன ரிஸ்க்?

இப்போது கிடைக்கும் கிட்களில் பெரும்பாலானவை டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கிவிடும். ஷாஃப்ட்டில் ஒரு காந்த வளையம், பாயிண்ட் இருந்த இடத்தில் ஒரு சென்சார் மாட்யூல். காந்தம் கடந்து போகும்போது சென்சார் உணர்ந்து, டிரான்சிஸ்டர் வழியாகக் கரண்ட்டைத் துண்டிக்கும். உரசும் பாகம் இல்லை. அதனால் இடைவெளி மாறாது, அடிக்கடி கழற்ற வேண்டியதில்லை. ஸ்டார்ட்டிங் சீராகும், வைத்த டைமிங் நீண்ட நாள் அப்படியே நிற்கும்.

‘பவர் கூடும்’ என்று சிலர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். நல்ல நிலையில் சரியாக வைத்த பாயிண்ட்டும் அம்பாசிடர் இன்ஜினுக்குப் போதுமான பொறியைத் தரும். கிட்டால் வரும் லாபம் அந்த நிலை கெடாமல் இருப்பதுதான்.

ரிஸ்க் என்ன? பாயிண்ட் கெடும்போது முன்கூட்டியே மிஸ்ஸிங் காட்டும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தாவது வீடு வந்து சேரலாம். மாட்யூல் போனால் அப்படியே நின்றுவிடும். உளுந்தூர்பேட்டை ரோட்டில் ராத்திரி பத்து மணிக்கு அது கிடைக்காது. எனவே கழற்றிய பாயிண்ட், கண்டென்சர், பேஸ் பிளேட் மூன்றையும் ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வையுங்கள்.

கிட் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்:

- உங்க டிஸ்ட்ரிபியூட்டர் மாடலுக்கு உரியதா? பாடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.
- வண்டி நெகட்டிவ் எர்த்தா, பாசிட்டிவ் எர்த்தா? டைனமோ காலத்துப் பழைய பிரிட்டிஷ் வடிவ வண்டிகளில் பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் இணைந்திருக்கும். மாற்றிக் கொடுத்தால் மாட்யூல் அந்த நொடியே காலி.
- எத்தனை ஓம் காயில் கேட்கிறது?

காயில் கணக்கு: 3 ஓமா, 1.5 ஓமா?

சாதாரண 12 வோல்ட் காயிலின் முதல் சுற்றில் சுமார் 3 ஓம் இருக்கும். 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். பாயிண்ட் தாங்கும்.

பல்லாஸ்ட் ரெசிஸ்டருடன் வேலை செய்யும் காயில் சுமார் 1.5 ஓம். அதைப் பல்லாஸ்ட் இல்லாமல் நேரடியாக இணைத்தால் 8 ஆம்பியர் ஓடும். பாயிண்ட் சீக்கிரமே கருகும், காயிலும் கொதிக்கும். ‘ஸ்போர்ட்ஸ் காயில்’ என்று கடையில் தருவதை மாட்டும் முன் மீட்டர் வைத்து ஓம் பாருங்கள். கிட் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கீழே போகாதீர்கள்.

வலுவான காயில் போட்டால் பிளக் கேப்பை 0.8 மில்லிமீட்டர் அளவுக்குக் கூட்டுகிறவர்கள் உண்டு. கேப் கூடினால் வோல்டேஜும் கூடும். பழைய மூடி, ரோட்டர், வயர் எல்லாம் அதைத் தாங்கும் நிலையில் இருந்தால் மட்டுமே இது சரி.

எலெக்ட்ரானிக் மாட்யூலுக்கு கார்பன் கோர் பிளக் வயர்தான் பாதுகாப்பு. வெறும் செம்புக் கம்பி வயர் எழுப்பும் மின் இரைச்சல் சென்சாரைக் குழப்பலாம். இன்னொன்று, இன்ஜின் ஓடாமல் இக்னிஷனை ஆனில் விட்டுப் பாட்டு கேட்காதீர்கள். சில மாட்யூல்கள் சூடேறிப் போய்விடும்.

டைமிங்: கடைசி வேலை, ஆனா முக்கியமான வேலை

பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். பெட்ரோல் எரிந்து அழுத்தம் உருவாகக் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்பதுதான் காரணம். சீக்கிரம் விழுந்தால் நாக்கிங், லேட்டாக விழுந்தால் இழுவை இருக்காது, இன்ஜின் சூடாகும்.

எத்தனை டிகிரி? அது கம்ப்ரஷன் அளவையும் மாடலையும் பொறுத்தது. உங்க வண்டியின் மேனுவலில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பாயிண்ட் வண்டியில் டெஸ்ட் பல்பு வைத்து இப்படிச் செய்யலாம்:

1. ரேடியேட்டர் பக்கம் இருப்பதுதான் முதல் சிலிண்டர். அதன் இரண்டு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில், கிராங்க் புல்லியின் வெட்டு டைமிங் கவரில் உள்ள சரியான முள்ளுக்கு நேரே வரும்படி சுற்றுங்கள்.
2. ரோட்டர் முதல் சிலிண்டர் வயரைப் பார்த்து நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.
3. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் பல்பின் ஒரு வயர், எர்த்தில் இன்னொரு வயர். இக்னிஷனை ஆன் செய்யுங்கள்.
4. கிளாம்ப்பைத் தளர்த்தி, பாயிண்ட் மூடும்வரை டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டர் சுழலும் திசையிலேயே திருப்புங்கள். பல்பு அணையும். பிறகு மெதுவாக எதிர்த்திசையில் திருப்புங்கள். பல்பு எரிகிற அந்தப் புள்ளியில் நிறுத்தி கிளாம்ப்பை இறுக்குங்கள்.

ரோட்டர் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிடார்டு. இதை மட்டும் மனதில் வைத்தால் குழப்பம் வராது. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் ‘ஏ’, ‘ஆர்’ என்று குறித்த சின்ன திருகு இருந்தால், நுணுக்கமாக மாற்ற அதையே பயன்படுத்தலாம்.

எலெக்ட்ரானிக் போட்ட வண்டியில் பல்பு முறை சரிவராமல் போகலாம். டைமிங் லைட் வைத்துப் பார்ப்பதே நல்லது. வேக்கும் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் புல்லி மேல் ஒளியைப் பாய்ச்சுங்கள். குறி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அங்குமிங்கும் துள்ளினால் ஷாஃப்ட் தேய்மானம். ஆக்ஸிலேட்டரைக் கூட்டும்போது குறி சீராக நகர வேண்டும். நகரவில்லை என்றால் அட்வான்ஸ் வெயிட் இறுகியிருக்கிறது.

கடைசியாக ரோடு டெஸ்ட். டாப் கியரில் மேடு ஏறும்போது ‘கிணிங் கிணிங்’ என்று சில்லறை குலுக்குகிற மாதிரி சத்தம் வந்தால் கொஞ்சம் ரிடார்டு செய்யுங்கள். மேனுவல் எழுதிய காலத்துப் பெட்ரோல் வேறு, இன்று 20 சதவீதம் எத்தனால் கலந்து வரும் பெட்ரோல் வேறு. எனவே மேனுவல் எண் தொடக்கப் புள்ளிதான். ரோட்டில் இன்ஜின் சொல்வதையும் கேட்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கார்புரேட்டரில் கை வைக்க வேண்டும்.

வெயிலில் நின்று, ஆறினால் ஓடுதா?

கத்திரி வெயிலில் அடிக்கடி வரும் குழப்பம் இது. வண்டி சூடானதும் நிற்கும், அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, சூட்டில் காயில் அல்லது கண்டென்சர் (கிட் போட்ட வண்டியில் மாட்யூல்) செயலிழப்பது. இன்னொன்று, பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொள்வது.

கண்டுபிடிக்க வழி: ஆறும்வரை காத்திருக்காமல், நின்ற உடனே பொறி வருகிறதா என்று பாருங்கள். ஒரு உதிரி பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோக உடலை இன்ஜினில் நன்றாகப் படும்படி வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பளிச்சென்று நீலப் பொறி வந்தால் இக்னிஷன் மீது குற்றம் இல்லை, பெட்ரோல் பக்கம் பாருங்கள். பொறியே இல்லை, அல்லது மெல்லிய மஞ்சள் பொறி என்றால் காயிலும் கண்டென்சரும் சந்தேகத்துக்குரியவை.

கவனம் தேவை

- பிளக் வயரில் வரும் ஷாக் சாதாரணமானது அல்ல. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஓடும் இன்ஜின் பக்கம் வேலை செய்யக் கூடாது.
- ஓடும் இன்ஜினில் பிளக் வயரைப் பிடுங்கி சோதிக்கும் பழக்கம் எலெக்ட்ரானிக் மாட்யூலைக் கெடுத்துவிடும்.
- கார்புரேட்டர் திறந்திருக்கும்போதும், பெட்ரோல் கசியும்போதும் பொறி சோதனை வேண்டவே வேண்டாம்.
- வயரிங்கில் கை வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்.

50 வயதைத் தாண்டிய காரா?

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த கார்களுக்கு ‘வின்டேஜ்’ பதிவு முறையை மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். இந்த வண்டிகளை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவை பெரிய மாற்றம் இல்லாமல் அசலாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அடங்கும் கிட் என்றால் எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாற்றிவிடலாம். அதற்காகவும் அசல் பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய இரும்புக் கடைக்குப் போன லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரை மறுபடி தேடிப் பிடிப்பது லேசான காரியம் இல்லை.

சுருக்கமாகச் சொன்னால்...

வருஷத்துக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டி, ஷாஃப்ட் ஆட்டம் இல்லை, பாயிண்ட் வைக்கத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறார் என்றால், பாயிண்ட்டே போதும். அடிக்கடி வெளியூர் போகிறீர்கள், பாயிண்ட் வைக்க ஆள் கிடைக்கவில்லை என்றால் எலெக்ட்ரானிக் கிட் நல்ல முடிவு.

இரண்டில் எது என்றாலும் வரிசை ஒன்றுதான்: பிளக், வயர், மூடி, ஷாஃப்ட், எர்த். பிறகு பாயிண்ட் அல்லது கிட். அப்புறம் டைமிங். கடைசியில் கார்புரேட்டர். இந்த வரிசையில் போனால், கிட் வாங்க எடுத்து வைத்த பணம் பாக்கெட்டிலேயே மிச்சமானாலும் ஆச்சரியப்பட வேண்டாம்!